விளையாட்டின் நடுவே கணினி அணைந்தால்: கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்வதற்கு முன்பு

கேம் விளையாடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப் போனாலோ, கணினி தானாக அணைந்து மறுபடி கிளம்பினாலோ, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லப்படும் முடிவு ஒன்றுதான்: "கார்டு போயிட்டு அண்ணாச்சி." பாளையங்கோட்டையில் கணினிப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, இந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு வாரம் கழிவது அரிது. அப்படிக் கொண்டுவரப்பட்ட கார்டை என் மேசையில் உள்ள கணினியில் பொருத்தி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால், பல முறை அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. கார்டில் குறையே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுக் கார்டு வாங்கிய பிறகும் அதே இடத்தில் அதே கேம் அணைந்து, கலங்கிப்போய் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

காரணம் எளிது. கேம் ஓடும்போது கணினிக்குள் பெரும்பாலும் மற்ற எல்லாப் பாகங்களையும் விட அதிக மின்சாரம் இழுப்பதும் அதிக வெப்பம் வெளியிடுவதும் கிராபிக்ஸ் கார்டுதான். வீட்டு மின்சாரத்தில், கணினிப் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிப் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில், கேபிளில், காற்றோட்டத்தில், ரேமில் என்று எங்கே பலவீனம் இருந்தாலும், கார்டு முழு மூச்சில் வேலை செய்யும் நேரத்தில்தான் அது வெளிப்படும். கணக்கு எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும் கணினி, கேம் திறந்த பத்தாவது நிமிடத்தில் விழுவதால், பழி கார்டின் மேல் விழுந்துவிடுகிறது.

எப்படி விழுகிறது என்பதைக் கவனியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் தேதி, மணி, எந்த கேம், தொடங்கி எத்தனை நிமிடம், திரையில் என்ன தெரிந்தது, சத்தம் தொடர்ந்ததா, மின்விசிறி வேகம் கூடியதா என்று எழுதுங்கள். நான்கைந்து முறை எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்தது போலத்தான். எழுதாமல் நினைவை மட்டும் நம்பினால், கோபத்தில் நடந்த கடைசி நிகழ்வு மட்டுமே மனத்தில் நிற்கும்.

கரண்ட் போனது போல ஒரே நொடியில் எல்லாம் இருண்டு, கணினி அணைந்துவிட்டாலோ மறுபடி தானாகக் கிளம்பினாலோ, முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேலும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேலும் இருக்க வேண்டும், அடுத்ததாக வெப்பம். திரை ஓரிரு விநாடி கறுத்து, மறுபடி உயிர் பெற்று, டிஸ்பிளே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வேலை செய்யாமல் நின்று மீண்டுவிட்டதாக ஒரு செய்தி வந்தால், அது வேறு வகை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு காவல் ஏற்பாடு உள்ளே இருக்கிறது: கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், கார்டு உறைந்துவிட்டதாக விண்டோஸ் முடிவு செய்து, டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். இதற்கு டிடிஆர் என்று பெயர். மறுபடி கிளப்பும் முயற்சியும் தோற்றால்தான் நீலத்திரை வந்து, "வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்" என்ற சொற்களைக் காட்டும். டிரைவர், அளவுக்கு மீறிய ஓவர்கிளாக் (கார்டை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது), மின்சாரக் குறைவு, கார்டின் நினைவகக் கோளாறு ஆகிய நான்கும் இதற்குக் காரணமாகலாம்.

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால், பெரும்பாலும் கேமின் கோப்புகளிலோ டிரைவரிலோ ரேமிலோ சிக்கல். திரையில் கட்டம் கட்டமாகவோ புள்ளி புள்ளியாகவோ வண்ணங்கள் சிதறி, பிறகு உறைந்தால், கார்டின் சொந்த நினைவகத்தைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. திரை கறுத்து, கார்டின் விசிறிகள் மட்டும் முழு வேகத்தில் இரைந்து, பின்னணியில் கேமின் சத்தம் தொடர்ந்து கேட்டால், கார்டுக்குப் போகும் மின்கேபிளைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டினால், "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்ற பக்கம் வரும். நாள்வாரியாகச் சிவப்புக் குறிகள் அதில் இருக்கும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், அணைந்த நிமிடத்தைத் தேடுங்கள். 4101 என்ற எண் இருந்தால் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயர் இருந்தால் வன்பொருளே பிழையை அறிவித்திருக்கிறது. கர்னல்-பவர் 41 என்பதைப் பார்த்துவிட்டுப் பலர் அதையே நோய் என்று எண்ணுகிறார்கள். "போன முறை நான் முறையாக மூடப்படவில்லை" என்று மட்டுமே அந்தக் குறிப்பு சொல்கிறது. ஏன் என்பதை அது சொல்வதில்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

மின்சாரம்

இந்தப் பகுதியில் நான் சற்று நீண்ட நேரம் நிற்பேன், ஏனெனில் எங்கள் பக்கத்துக் கணினிகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் மிகுதியானவை இங்கேதான் தொடங்குகின்றன.

என் அக்காள் மகன் சேரன்மகாதேவிக்கு அருகில், வாழைத்தோட்டங்களை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறான். கார்டு போய்விட்டது என்று அவனும் முடிவு கட்டியிருந்தான். நோட்டில் எழுதச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அவனே தொலைபேசியில் சொன்னான்: "மாமா, ராத்திரி பத்து மணிக்கு மேல விளையாடுனா ஒண்ணும் ஆவல. சாயங்காலம்தான் படக்குனு அணைஞ்சிருது." மல்டிமீட்டரோடு ஒரு மாலை அங்கே போனேன். கணினி செருகியிருந்த பிளக்கின் பக்கத்துத் துளையில் மீட்டர் முனைகளை வைத்தபோது 208 வோல்ட் காட்டியது. முறையாக இருக்க வேண்டியது 230. ஆறரை மணி அளவில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கிய நொடியில் எண் 171 வரை சரிந்து, இரண்டு விநாடியில் 198க்கு வந்து நின்றது. மேலே எரிந்த விளக்கு மங்கி மீண்டது. அந்த இரண்டு விநாடிக்குள் கணினி அணைந்திருந்தது.

இதில் பக்கத்து வீட்டு மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கி உழைக்கும். வோல்டேஜ் குறைந்தால், அதே வாட்டைத் தருவதற்கு அதிக ஆம்பியர் இழுத்துச் சமாளிக்கும். மருமகன் கணினியில் இருந்தது கேபினெட்டோடு சேர்த்து வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ். அதன் பக்கவாட்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருந்தது. கீழே இருந்த சிறிய கட்டத்தில், மஞ்சள் கம்பிக்கான 12 வோல்ட் நிரலில் 18 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தார்கள். 18ஐ 12ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் உழைப்பது இந்த 12 வோல்ட்டில்தான். மேலே போட்டிருக்கும் 500 என்ற எண்ணால் அவற்றுக்கு எந்தப் பயனும் இல்லை. அவனுடைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கக்கூடியது. அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. மீதியிருந்த 46 வாட்டில் பிராசஸரும் ஹார்ட் டிஸ்க்கும் விசிறிகளும் எப்படி வாழும்?

ஆகவே முதல் வேலையாக உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் சீட்டை டார்ச் அடித்துப் படியுங்கள். 12 வோல்ட் நிரலின் ஆம்பியரை 12ஆல் பெருக்கி வரும் எண், கார்டும் பிராசஸரும் சேர்ந்து இழுக்கும் அளவைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டுகளுக்கு இந்தக் கவலை குறைவு, ஏனெனில் மதர்போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுத்துவிடும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு 6 பின் கேபிள் 75 வாட்டும் 8 பின் கேபிள் 150 வாட்டும் கூடுதலாகக் கொண்டுவருகின்றன. அந்தக் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் முனையிலிருந்து மாற்றித் தரும் மலிவான இணைப்பி வழியாக வந்தால், அதை இன்றே கழற்றிவிடுங்கள். இரண்டு 8 பின் முனைகள் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் கிளைத்த இரண்டு முனைகளைக் கொடுக்காமல் இரண்டு தனிக் கேபிள்கள் கொடுப்பதே நல்லது.

கேபிள் முனையைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். நல்ல துளைக்குள் உலோகம் பளிச்சென்று தெரியும். சூடேறிய துளையின் விளிம்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால் விளிம்பு மழுங்கி, மூக்கின் அருகில் கொண்டுபோனால் கருகிய வாடை வரும். அப்படி இருந்தால் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றும் வரை கணினியில் கேம் ஓட்ட வேண்டாம். புதிய பெரிய கார்டுகளில் வரும் 12 முதன்மைப் பின்களும் 4 சிறு பின்களும் கொண்ட முனையை இன்னும் கவனமாகப் பொருத்த வேண்டும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த முனை உருகியது உலகம் முழுவதும் பேசப்பட்டது. முனை முழுவதுமாக உள்ளே செல்லாததே தாங்கள் கண்ட பொதுக் காரணம் என்று என்விடியா சொன்னது. இடைவெளி துளியும் தெரியாத வரை அழுத்திப் பொருத்துங்கள். முனையை ஒட்டிக் கேபிளை மடக்காதீர்கள்.

வோல்டேஜ் இறங்கும் தெருவில் இருப்பவர்கள், மல்டிமீட்டரை வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வரும்போது வாங்கிப் பார்த்தாலே போதும். மாலையில் தொடர்ந்து 200க்குக் கீழ் இருந்தால், தெருவிலுள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஈபி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள். டிரான்ஸ்பார்மரின் சுமையைப் பிரிப்பது அவர்களால்தான் முடியும். அதுவரை, கணினியின் மொத்த வாட்டைத் தாங்கும் ஸ்டெபிலைசர் உதவும். கிணற்று மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் செல்லும் அதே வழியில் கணினி பிளக்கும் இருந்தால், அதைத் தனி வழிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். ஈபி மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியை மின்விசிறி பொருட்படுத்தாது. கேம் ஓடும் கணினியின் எஸ்எம்பிஎஸ், முழுச் சுமையில் ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் யுபிஎஸ் மோட் என்ற சிறு சுவிட்ச் இருக்கிறது; அதைப் போட்டால் மாறும் வேகம் கூடும். தனி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள், 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அதன் உண்மைத் திறன் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். கரண்ட் போன நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால், யுபிஎஸ் சுமை தாங்காமல் கத்திவிட்டு அணைவது கார்டின் குற்றம் ஆகாது.

கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எங்கள் ஊர் வறண்ட மண்ணில், கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது வழக்கம். இதைத் தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகே கேபினெட்டைத் திறக்க வேண்டும். உயிருக்கே ஆபத்தான விஷயம் இது.

செலவில்லாத ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்த நிறுவனக் கார்டுக்கும் பொருந்தும். அதில் பவர் லிமிட் என்ற கோட்டை 100இலிருந்து 70 அல்லது 75 விழுக்காட்டுக்கு இறக்கி, கேமில் ஃபிரேம் அளவை விநாடிக்கு 60க்குக் கட்டுப்படுத்தி, இரண்டு மாலை விளையாடுங்கள். அணைவது நின்றுவிட்டால், கோளாறு மின்சாரத்திலோ வெப்பத்திலோ இருப்பதற்கு அது வலுவான சான்று. மருமகன் கணினி இந்தச் சோதனையில் ஒருமுறைகூட அணையவில்லை. அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொன்னேன். அந்த 3060 கார்டு இன்றும் ஓடுகிறது.

வெயிலும் தூசியும்

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் கணினியை மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில்தான் வைத்துக் கொடுக்கிறோம். பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அறை 10 டிகிரி கூடினால், அதே வேலைக்கு, அதே விசிறி வேகத்தில், கார்டின் சூடும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். மார்கழியில் ஓடிய கேம் வைகாசியில் விழுவதற்கு வேறு மாயம் தேவையில்லை.

எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கேம் ஓடும்போது எண்களைக் கோப்பில் பதிய விடுங்கள். அணைந்த பிறகு கோப்பின் கடைசி வரியைப் பார்த்தால் சூடு எவ்வளவு இருந்தது என்பது தெரியும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு அறிவிக்கப்பட்ட உச்ச வரம்பு 93 டிகிரி. ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 கார்டுகளை 2019இல் வெளியிட்டபோது, சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரி வரை போவது எதிர்பார்த்ததே என்று விளக்கியது. ஆகவே ஹாட் ஸ்பாட் என்ற எண்ணையும் சாதாரண வெப்ப எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரண எண் 65 முதல் 80 வரை இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. சாதாரண எண் 75இல் இருக்க ஹாட் ஸ்பாட் மட்டும் 105ஐத் தொட்டால், உள்ளே தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது அல்லது ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) சமமாக அமரவில்லை என்று பொருள்.

ஆனி, ஆடியில் மலைக்கணவாய்கள் வழியாக இறங்கும் காற்றுதான் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் ஜன்னலை மூடினாலும் வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஒரு கார்டு வந்தது. வெளியே இருந்து பார்க்க விசிறி இதழ்கள் சுத்தமாக இருந்தன; வீட்டுக்காரர் மாதம் தவறாமல் துடைத்திருக்கிறார். விசிறிக் கூட்டைக் கழற்றியபோது, விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், தேரி மண்ணின் செம்மை கலந்த சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படிவம் கிடந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். கிழியாமல் முழுதாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கத்தில் தகடுகளின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று அந்தத் துணியைத் தாண்டிச் சென்றிருக்காது.

சுத்தம் செய்யும்போது கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மீதி மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுபோய் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் அது தன் வேகத்துக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டிலிருந்து ஊதினால்தான் நான் சொன்ன படிவம் வெளியே வரும். ஈரத்துணி கூடவே கூடாது. கார்டைத் திறந்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது, வாரண்டி முடிந்த கார்டுகளுக்கு மட்டும், கை பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நினைவகச் சிப்புகளின் மேலிருக்கும் மெத்தென்ற பட்டைகளின் தடிமன் மாறிப்போனால், முன்பைவிட மோசமாகச் சூடேறும்.

உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று கார்டின் பொன்னிற முனைகளை மங்கச் செய்கிறது. ஸ்லாட்டிலிருந்து கார்டைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு உதிராத துணியால் முனையைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மறுபடி பொருத்துங்கள். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. அவசரத்துக்கு உதவும் என்றாலும், அதன் துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான கார்டு ஸ்லாட்டில் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால், கீழே சிறு தாங்கி வையுங்கள்.

மடிக்கணினியில் விளையாடுபவர்கள் அதை மெத்தை மேல் வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். மேசை மேல் பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தாலே பெரிய மாறுதல் தெரியும்.

டிரைவர்

மின்சாரமும் வெப்பமும் சரி என்று தெரிந்த பிறகுதான் டிரைவருக்கு வர வேண்டும். நோட்டில் 4101 திரும்பத் திரும்ப வந்திருந்தால் மட்டும் இதை முதலிலேயே செய்யலாம். பழைய டிரைவரின் மேல் புதியதை ஏற்றிக்கொண்டே போவதைவிட, பழையதை வேரோடு அகற்றிவிட்டு ஏற்றுவதே முறை. அதற்கு டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். டிடியு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் புதிய டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஏதோ ஒரு டிரைவரை இடையில் ஏற்றிவிடும். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில்) கணினியைக் கிளப்பி, டிடியு வழியாகப் பழையதை நீக்கி, மறுபடி கிளப்பி, இறக்கி வைத்ததை ஏற்றுங்கள். மிகப் புதிய டிரைவரே கோளாறாக இருப்பதும் உண்டு. சில வாரங்களுக்கு முன்பு வரை ஒழுங்காக ஓடி, டிரைவரைப் புதுப்பித்த நாளிலிருந்து அணைந்தால், தயங்காமல் முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

ஓவர்கிளாக் செய்திருந்தால் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். நிறுவனமே வேகம் கூட்டி விற்கும் கார்டுகளில்கூட, சிப்பின் வேகமான கோர் கிளாக்கை 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்தவுடன் அணைவது நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வாரண்டி இருந்தால் அப்படிப்பட்ட கார்டை மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. நான் சொன்ன 2 விநாடிக் காவலை ரிஜிஸ்ட்ரியில் 8 அல்லது 10 விநாடியாக நீட்டும் வழியைப் பலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. உறைந்துபோன கார்டுக்கு அதிக நேரம் கொடுப்பதால் அது குணமாவதில்லை. நீங்கள் கறுத்த திரையைப் பார்த்திருக்கும் நேரம்தான் கூடுகிறது.

கார்டின் பெயரில் வரும் பிறர் குற்றம்

2024இல் நிறையப் பேரை அலைக்கழித்த ஒரு கோளாறு இதற்கு நல்ல பாடம். கேம் திறந்தவுடன் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்ற செய்தி வந்து மூடிக்கொள்ளும். செய்தியில் வீடியோ மெமரி என்றே இருந்ததால், பலரும் கார்டைத்தான் சந்தேகித்தார்கள். உண்மையில் குறை இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் இருந்தது. தேவைக்கு மீறிய வோல்டேஜை அவை கேட்டுப் பெற்றதால் நாளடைவில் நிலைகுலைந்தன. மதர்போர்டின் பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) வழியாக ஏற்ற வேண்டிய திருத்தங்களை இன்டெல் அந்த ஆண்டிலேயே வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட பிராசஸரைத் திருப்பித் தராது. இந்தத் தலைமுறை பிராசஸர் உங்களிடம் இருந்தால், மற்ற சோதனைகளுக்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ரேமும் இப்படித்தான். பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நீக்கி, ரேமை அதன் இயல்பு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு விளையாடிப் பார்க்கலாம். திரை மட்டும் கறுத்துக் கணினி ஓடிக்கொண்டே இருந்தால், மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலர் செலவிடுவதில்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் ரேமையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றி, அணைவது நின்றுவிட்டால், எது நோய் என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை அது வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்டையே சோதிப்பது

இத்தனைக்குப் பிறகும் அணைந்தால், கார்டைச் சந்தேகிக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள நண்பரின் கணினியில் உங்கள் கார்டைப் பொருத்தி, அதே கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அவருடைய கார்டு உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்கக்கூடிய அளவில் இருந்தால், அதை உங்கள் கணினியிலும் பொருத்திப் பாருங்கள். கோளாறு கார்டோடு போகிறதா, கணினியோடு தங்குகிறதா என்பதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. ஓசிசிடி மென்பொருளில் கார்டின் நினைவகத்தை மட்டும் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதில் பிழை வந்தால் முடிவு உறுதி. ஃபர்மார்க் கார்டை மிகக் கடுமையாகச் சூடேற்றும். அருகிலேயே உட்கார்ந்து, வெப்ப எண்ணைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

பழைய கார்டு வாங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்ட பிறகு, மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. பொருத்தும் தகட்டின் திருகுகளில் துரு, பலகையில் வெள்ளை உப்புக் கோடு ஆகியவை தெரிந்தால், அந்தக் கார்டு ஈரத்தைப் பார்த்திருக்கிறது என்று பொருள். 2023 டிசம்பர் பெருமழையில் தாமிரபரணிக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. ஜிபியு-இசட்டில் திறந்து பார்த்தால், பழைய சிப்பின் மேல் புதிய பெயரை ஏற்றி விற்கப்படும் போலிக் கார்டுகளையும் அது அடையாளம் காட்டும். சிப்பைச் சூடேற்றிச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்த கார்டுகள் என் அனுபவத்தில் சில வாரங்களிலேயே அதே கோளாறோடு திரும்பி வந்திருக்கின்றன.

கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ போகும்போது கார்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வராதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸையும் அதன் கேபிள்களையும், முடிந்தால் முழுக் கேபினெட்டையும் கொண்டுவாருங்கள். பில்லை எடுத்துவையுங்கள், கார்டின் சீரியல் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், திருகின் மேலுள்ள சிறு ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். ஒப்படைக்கும்போது சீரியல் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தையும் மேசையில் வையுங்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான்.